டர்போ பொருத்திய காரில் பெட்ரோல் ரிட்டர்ன் லைன் அமைப்பது குறித்து

கேள்வி: என் காரில் பிரஷர் ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்புடனேயே இருக்கிறது, ரெயிலில் (இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயில்) எப்போதும் 58 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அழுத்தம். டர்போ பொருத்திய பின், முழு பூஸ்டில் (டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தில்) கலவையில் பெட்ரோல் குறைகிறது. மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் போடுவது அவசியமா, பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை) மட்டும் போதுமா?

மறுமொழி 1: மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று செல்லும் குழாயில்) 15 பிஎஸ்ஐ பூஸ்ட் ஏறும்போது, இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கும் இடையே 43 பிஎஸ்ஐ வேறுபாடுதான் மிஞ்சுகிறது, பெட்ரோல் பாய்வு இந்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், அது ஏறத்தாழ 14 சதவீதம் குறையும். பெரிய இன்ஜெக்டரும் உரிய டியூனிங்கும் இதை ஈடுகட்டலாம். எனினும் பூஸ்டை மேலும் உயர்த்துவதானால், ரெயிலுக்கு அடுத்து ரெகுலேட்டரை வைத்து, அதன் வேக்குவம் குழாயை மேனிஃபோல்டுடன் இணைப்பதே என் பரிந்துரை; அப்போது வேறுபாடு மாறாது.

மறுமொழி 2: டேங்குக்குள் இருக்கும் பழைய ரெகுலேட்டரை அகற்றி அந்த வழியை அடைக்காவிட்டால், அது 58 பிஎஸ்ஐயிலேயே திறந்துகொள்ளும், அழுத்தம் அதற்கு மேல் ஏறாது. திரும்பி வரும் பெட்ரோல் பம்ப் அமர்ந்திருக்கும் கிண்ணத்துக்குள், மட்டத்துக்குக் கீழே விழ வேண்டும். மேலிருந்து கொட்டினால் நுரைத்து, பம்ப் காற்றை உறிஞ்சும். டேங்குக்குள் சாதாரண ரப்பர் குழாயைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள், பெட்ரோலில் மூழ்கியிருக்கத் தக்க குழாயே வேண்டும்.

மறுமொழி 3: புதிய ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) அடிப்படை அழுத்தத்தை 43.5 பிஎஸ்ஐக்கு அமைத்து, ஈசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) இன்ஜெக்டரின் பாய்வு அளவுகளையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ரிட்டர்ன் குழாய் ஒடுங்கியிருந்தால் ஐடிலில் அழுத்தம் இறங்கவே இறங்காது.