நகராட்சி ஆபீஸ் வாசலில் 9 அடி சாய்தளம்

வரிப்பிரிவு_மலர்: ஓய்வுபெற்ற மேலாளர் ஒருவர் நேற்று எழுதியிருந்தார்: "வேலையில் 4 சதவீத இடமும் கொடுத்தாச்சு, சாய்தளமும் கட்டியாச்சு, மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு இனி என்ன குறை?" படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் நகராட்சி வாசல் இரண்டரை அடி உயரம். ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் 30 அடி வர வேண்டும். கட்டியிருப்பது 9 அடி. காலிபர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்ட காலோடு கைப்பிடியில் தொங்கித்தான் ஏறுகிறேன். மழை நாளில் ஆபீஸ் உதவியாளர் அண்ணன் பின்னால் நின்று முதுகைத் தாங்கிக்கொள்வார்.

ஓய்வு_மேலாளர்: எழுதியது நான்தான் அம்மா. அதே ஆபீஸில் இருந்தவன். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் வேலை ஒதுக்கீடு 3 சதவீதம், 2016 சட்டத்தில் 4. அதற்கு ரோஸ்டர் (எந்த இடம் யாருக்கு என்ற சுழற்சிப் பட்டியல்) போட்டு ஆளெடுத்தது நாங்கள். அந்த வளாகத்தில் 30 அடிக்கு எங்கே போக?

வரிப்பிரிவு_மலர்: பைக் ஷெட் 40 அடி சார். அதற்கு மட்டும் இடம் இருந்ததா?

சைட்_இன்ஜினியர்: நேராகவே 30 அடி போட வேண்டாம். நடுவில் சமதளம் விட்டுத் திருப்பலாம். 9 அடியில் கட்டியதற்குப் பெயர் சறுக்குமரம்.

ஓய்வு_மேலாளர்: போன மாதம் குடிநீர்க் குழாய் பேச்சிலும் இந்தத் தம்பி எங்களைத்தான் குறை சொன்னார். எஸ்டிமேட் போட்டது இன்ஜினியர் பிரிவு. நான் இல்லை.

சைட்_இன்ஜினியர்: குழாயை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? பில்லில் கையெழுத்து யாருடையது?

வார்டு_மேஸ்திரி: எல்லோரும் சாய்தளத்திலேயே நிற்கிறீர்கள். தூய்மைப் பணிக்கு வரும் பெண்களுக்குச் சேலை மாற்ற வார்டு ஆபீஸில் ஓர் அறை இல்லை. இது சமவாய்ப்பில் சேராதா?

வரிப்பிரிவு_மலர்: சேரும். அதைத் தனியாகத் தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன். இங்கே பேச்சு 9 அடி.

வார்டு_மேஸ்திரி: ஆபீஸ்காரர் பிரச்சினைதான் எப்போதும் முதலில். பழகிப்போச்சு.

வரிப்பிரிவு_மலர்: அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணே. நானும் அந்தப் படியில் விழுந்து எழுந்தவள். அந்த 2016 சட்டத்துக்கான விதிகள் 2017 ஜூனில் வந்தன. அதிலிருந்து 5 ஆண்டுக்குள் பொதுக் கட்டடங்களை மாற்ற வேண்டும் என்கிறது சட்டத்தின் 45ஆம் பிரிவு. 2022 ஜூனில் கெடு முடிந்தது. 2025 ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டமன்றத்தில் மசோதாவும் நிறைவேறியது. எங்கள் மன்றக் கூடம் மாடியில், லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலியில் வரும் உறுப்பினரை யார் தூக்குவது? கீழே சாய்தளத்தின் வாயை மறித்து ஜீப் வேறு நிற்கிறது.

ஓய்வு_மேலாளர்: ஜீப் டிரைவரின் தப்பு. எதுவுமே செய்யவில்லை என்று எழுதாதீர்கள். கைப்பிடி வைத்தோமே, அதையும் எழுதுங்கள்.

வரிப்பிரிவு_மலர்: வைத்தீர்கள் சார், ஒரே பக்கம். ஏறும்போது இடது பக்கம். எனக்கு பலம் வலது கையில்.