ஆண்ட்ரூ ஜோன்ஸ் கிட்ட நின்றது ஒரு குற்றமா?

அட்லாண்டா அண்ணாச்சி:
நேற்று வேறொரு பேஸ்பால் இழையில் கணக்குப்பிள்ளை போகிற போக்கில் ஒன்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். "ஆண்ட்ரூ ஜோன்ஸின் 10 தங்கக் கையுறையும் பழக்கதோஷத்தில் கொடுத்தவை. இரண்டாம் பேஸுக்குக் கிட்ட வந்து நின்றுகொண்டு பக்கத்து ஆள் பிடிக்க வேண்டிய பந்தையும் சேர்த்துப் பிடித்தால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்" என்கிறார். சிறந்த ஃபீல்டருக்கான அந்த விருதை 1998 முதல் 2007 வரை ஒரு வருஷம்கூட விடாமல் வாங்கிய எங்கள் அட்லாண்டா பிரேவ்ஸ் சென்டர் ஃபீல்டரை, அதாவது இரண்டாம் பேஸுக்குப் பின்னால் தூரத்தில் நடுவில் நின்று பந்து பிடிப்பவனைப் பற்றித்தான் இந்தப் பேச்சு! அவன் ஆடியதை டர்னர் ஃபீல்டில் மேல்தளத்து மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பார்த்தவன் நான். மட்டையில் பந்து பட்ட சத்தம் எங்கள் காதுக்கு வந்து சேருவதற்குள் அவன் இரண்டு எட்டு வைத்திருப்பான். தாவமாட்டான், உருளமாட்டான். பந்து இறங்குகிற இடத்தில் முன்னாலேயே போய் நின்று, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குப் பெயர் பழக்கதோஷமா?

கணக்குப்பிள்ளை:
வணக்கம் அண்ணாச்சி. அவர் மோசம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சென்டர் ஃபீல்டர் "எனக்கு" என்று குரல் கொடுத்தால் இடமும் வலமும் தூரத்தில் நிற்கிற மற்ற இரண்டு அவுட்ஃபீல்டர்களும் ஒதுங்கிவிட வேண்டும் என்பது வழக்கம். சும்மா மேலே எழும்பி வருகிற பந்தை யார் பிடித்தாலும் ஒரு அவுட்தான், ஆனால் ஜோன்ஸ் பிடித்தால் அது ஜோன்ஸ் கணக்கில் ஏறுகிறது. கிட்ட நின்றால் இன்னும் அதிகம் ஏறும். அப்புறம் தங்கக் கையுறையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். மேனேஜர்களும் பயிற்சியாளர்களும் போட்ட ஓட்டு அது. 1999இல் ரஃபேல் பால்மெய்ரோ முதல் பேஸில் நின்றதே 28 ஆட்டம், அவருக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

அட்லாண்டா அண்ணாச்சி:
நான் ஜோன்ஸைப் பற்றிக் கேட்டால் இவர் பால்மெய்ரோவைப் பற்றிச் சொல்கிறார். கிட்ட நின்றான், ஆமாம். ஏன் நின்றான் என்று யோசித்தீர்களா? எங்கள் பந்து வீச்சாளர்கள் மேடக்ஸும் கிளாவினும் போடுகிற பந்தை எதிராளி சரியாக அடிக்க முடியாமல் அரைகுறையாகத் தட்டுவான், அது பேஸ்களைச் சுற்றியுள்ள இன்ஃபீல்டுக்குக் கொஞ்சம் பின்னால் பொத்தென்று விழும். அதைப் பிடிக்கத்தான் கிட்ட நின்றான். கிட்ட நிற்க யாராலும் முடியும் தம்பி. தலைக்கு மேலே போகிற பந்துக்கு முதுகைக் காட்டி ஓடி, வேலியடியில் திரும்பிப் பார்த்துப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும்.

வேலியோரம்:
ஒரு சின்ன சந்தேகம். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1,100 அடி போகும். சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால் மேல்தளம் என்றாலும் ஏறக்குறைய அரை விநாடியில் சத்தம் வந்துவிடும். அதற்குள் இரண்டு எட்டா?

அட்லாண்டா அண்ணாச்சி:
ஒரு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தோஷமா?

புதுமுகம்:
மன்னிக்கவும், அதே அணியில் ஆடிய சிப்பர் ஜோன்ஸ் இவருடைய அண்ணனா?

அட்லாண்டா அண்ணாச்சி:
தம்பி, ஒருவர் ஃபுளோரிடா, ஒருவர் கியூரசாவ் தீவு. பெயர் ஒன்று என்பதற்காக உறவு முறை சொல்லலாமா? நல்ல வேளை நினைவுபடுத்தினீர்கள். அந்தச் சிப்பர் 2002லும் 2003லும் லெஃப்ட் ஃபீல்டில் நின்றார். அவர் அசல் மூன்றாம் பேஸ் ஆள். அவருக்கு முன்னால் கிளெஸ்கோ நின்றார், அவர் பந்தைத் துரத்துகிற அழகைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் இப்படிப்பட்டவர்கள் நின்றால் நடுவில் நிற்பவன்தானே பிடிக்க வேண்டும்? திருடினானாம்!

கணக்குப்பிள்ளை:
"திருடினான்" என்று நான் எழுதவே இல்லை, நீங்களே எழுதி நீங்களே கோபப்படுகிறீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்து ஆட்கள் மோசம், அதனால் இவருக்கு அதிகம் பந்து வந்தது என்கிறீர்கள். நான் சொன்னதும் அதுதான்!

அட்லாண்டா அண்ணாச்சி:
அதுதான் இல்லை. நீங்கள் கிட்ட நின்றதைக் குறை என்றீர்கள். நான் அதுதான் திறமை என்கிறேன்.

டாட்ஜர் கடன்காரன்:
திறமை, திறமை. எங்கள் டாட்ஜர்ஸ் அணியிடம் இரண்டு வருஷத்துக்கு 36.2 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டு, 2008இல் தொப்பையோடு வந்து, .158 சராசரியில் அடித்து, மூன்றே ஹோம் ரன் (வேலி தாண்டிய அடி) போட்டாரே, அப்போது எங்கே நின்றார்? கிட்டவா, தூரத்திலா? இரண்டாவது வருஷம் வைத்துக்கொள்ளக்கூடப் பொறுக்காமல் அனுப்பிவிட்டோம். என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி இன்னும் வயிறு எரிகிறது.

அட்லாண்டா அண்ணாச்சி:
உங்கள் பணத்துக்கு நான் ஜாமீன் போட்டேனா? 2005இல் 51 ஹோம் ரன், 128 ஆர்பிஐ (அவன் அடியால் அணிக்கு வந்த ரன்), இரண்டிலும் லீக்கிலேயே முதல். மொத்தம் 434 ஹோம் ரன். 1996 வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரின் முதல் ஆட்டம், யாங்கீ ஸ்டேடியம், வயது 19, முதல் இரண்டு முறை மட்டை பிடித்ததிலும் ஹோம் ரன். வேர்ல்ட் சீரிஸில் ஹோம் ரன் அடித்த மிக இளையவர் என்ற மிக்கி மான்டிலின் சாதனை அன்றைக்கே போனது. 12-1 என்று ஜெயித்தோம்.

வேலியோரம்:
சீரிஸை யார் ஜெயித்தார்கள் அண்ணாச்சி?

அட்லாண்டா அண்ணாச்சி:
அது இப்போது எதற்கு?

கணக்குப்பிள்ளை:
ஹோம் ரன் பேச்சு வேண்டாம், நாம் பேசுவது ஃபீல்டிங். 1998 ஜூலையில் இறங்கி வந்த பந்துக்கு ஓடாமல் மெத்தனமாக நடந்தார் என்று உங்கள் மேனேஜர் பாபி காக்ஸே இன்னிங்ஸ் நடுவில் அவரை வெளியே கூப்பிட்டுக்கொண்டாரே, அது நடந்ததா இல்லையா? அதே வருஷம்தான் முதல் தங்கக் கையுறை.

அட்லாண்டா அண்ணாச்சி:
நடந்தது. 21 வயதுப் பையன். அன்றைக்குத் திட்டு வாங்கினான், அதற்கப்புறம் பத்து வருஷம் பிடித்தான். உங்களுக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு பந்துதானா? சரி, நீங்கள் கும்பிடுகிற கணக்குக்கே வருகிறேன். டோட்டல் ஸோன் கணக்கில் ஃபீல்டிங்கால் மிச்சப்படுத்திய ரன்களில் அவுட்ஃபீல்டர்கள் எல்லாரையும் விட மேலே நிற்பது யார்? பழைய ஜாம்பவான் வில்லி மேஸ் உட்பட எல்லாரையும் விட! சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஜோன்ஸ்தான். ஆனால் அந்தக் கணக்கு ஆட்டக் குறிப்புகளை வைத்துப் போட்ட மதிப்பீடு. ஃபீல்டர் எங்கே நின்றார், எவ்வளவு தூரம் ஓடினார் என்று கருவி வைத்து அளக்கும் ஸ்டாட்காஸ்ட் வந்ததே 2015இல். ஜோன்ஸ் 2012இலேயே அமெரிக்க மேஜர் லீக்கை விட்டுவிட்டார். ஆகவே அவர் கிட்ட நின்றதால் எத்தனை அவுட் கூடியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அட்லாண்டா அண்ணாச்சி:
அளக்கவே இல்லாததை வைத்துத்தான் நேற்று அவ்வளவு தெம்பாக எழுதினீர்களா? கணக்குப்பிள்ளை என்று பெயரை வைத்துக்கொண்டு கணக்கை நம்பமாட்டேன் என்கிறீர்கள், கண்ணால் பார்த்தவன் சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறீர்கள். போன வருஷம் இன்னொரு சென்டர் ஃபீல்டர் ஜிம் எட்மண்ட்ஸ் பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

கணக்குப்பிள்ளை:
எட்மண்ட்ஸை நான் ஆதரித்தேன். 2016இல் ஹால் ஆஃப் ஃபேம் (புகழ்பெற்றோர் மன்றம்) தேர்வில் முதல் ஓட்டிலேயே 2.5 சதவீதத்தோடு வெளியே தள்ளினார்களே என்று வருத்தப்பட்டது நான். "அவர் படம் காட்டத் தாவுகிறார்" என்றவர் நீங்கள்.

அட்லாண்டா அண்ணாச்சி:
தாவினார்தானே?

புதுமுகம்:
அப்போ ஜோன்ஸ் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறாரா இல்லையா?

வேலியோரம்:
2018இல் 7.3 சதவீதத்தில் தொடங்கினார், 2025 ஓட்டில் 66.2. வேண்டியது 75, அதை 2026 ஓட்டில் தாண்டித் தேர்வாகிவிட்டார். ஆனால் நான் இன்னும் அந்த ஒலிக் கணக்கிலேயே நிற்கிறேன். ஒரு எட்டுகூட கஷ்டம்தான்.

டாட்ஜர் கடன்காரன்:
.158 அடித்தவருக்கு 66.2 சதவீதமா?

அட்லாண்டா அண்ணாச்சி:
17 வருஷ ஆட்டத்தில் ஒரு வருஷத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒப்பாரி. அதற்கப்புறம் ஜப்பானுக்குப் போய் 2013இல் ராகுடென் அணியோடு பட்டமே ஜெயித்தார், அது தெரியுமா உங்களுக்கு?

கணக்குப்பிள்ளை:
ஜப்பானுக்குப் போய்விட்டோமா? சரி, கடைசியாக ஒரே கேள்வி. "கிட்ட" என்றால் எத்தனை அடி?

அட்லாண்டா அண்ணாச்சி:
கிட்ட என்றால் கிட்ட. வீட்டுப் பரணில் பழைய டர்னர் ஃபீல்ட் டிக்கெட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, நாளைக்கு எடுத்துப் படம் போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
டிக்கெட்டில் நீங்கள் உட்கார்ந்த இடம் இருக்கும் அண்ணாச்சி. அவர் நின்ற இடம் இருக்குமா?

அட்லாண்டா அண்ணாச்சி:
நாளைக்கு வருகிறேன், எங்கேயும் போய்விடாதீர்கள்.