விரிகுண்டும் விரியாக் குண்டும்: பெருவேட்டைத் தோட்டாக்களுக்கான சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க வேட்டை பற்றிய கட்டுரைகளைத் தமிழாக்கும் நண்பர், யானைக்கும் காட்டெருமைக்கும் ஏற்ற தோட்டாக்களைப் 'பெருவிட்டத் தோட்டா' எனலாமா என்று சென்ற மடலில் கேட்டிருந்தார். (பெருவிலங்கு வேட்டையைக் குறிக்கும் ஆங்கில 'பிக் கேம்' என்பதை இயந்திர மொழிபெயர்ப்பு அப்படியே பெயர்த்து, அவற்றைப் 'பெரிய விளையாட்டுத் தோட்டா' ஆக்கியதாம், அதற்கு இது எவ்வளவோ மேல்.) ஆயினும் எனக்கு இப்பெயரில் உடன்பாடில்லை.

முதலில் ஒரு சிறு தெளிவு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்திய கேப்பு (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைப்பது), உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழலை விட்டுப் பறப்பது குண்டு மட்டுமே. 'மார்பில் தோட்டா பாய்ந்தது' என்று நாளிதழ்கள் எழுதி எழுதி நம் காது பழகிவிட்டது. கலைச்சொல் பட்டியலிலாவது இரண்டையும் பிரித்து வைப்போம்.

இனி விட்டத்துக்கு வருகிறேன். (.375 போன்ற எண்கள் குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்பவை.) 1912இல் வெளிவந்த .375 ஹாலண்டு அண்டு ஹாலண்டு மேக்னம் தோட்டாவின் குண்டு 19.4 கிராம் எடையுடன் நொடிக்கு ஏறத்தாழ 770 மீட்டர் வேகத்தில் செல்வது. அதன் ஆற்றல் கிட்டத்தட்ட 5.8 கிலோஜூல். ஜிம்பாப்வேயில் யானை, காட்டெருமை, நீர்யானை ஆகியவற்றைச் சுட 9.2 மி.மீ. விட்டமும் 5.3 கிலோஜூல் ஆற்றலும் குறைந்த அளவாக விதிக்கப்பட்டுள்ளன. ஆக, சட்டம் இயற்றியவர்களே விட்டத்தை மட்டும் நம்பவில்லை. இதைவிடச் சுவையான சான்று நம் நாட்டோடு தொடர்புடையது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே .450 விட்டமுள்ள, படையினரின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் கிளர்ச்சியாளர் கையில் இருந்ததால், .450 விட்டத் தோட்டாக்கள் இந்தியாவுக்கும் சூடானுக்கும் செல்வதைப் பிரிட்டிஷ் அரசு தடை செய்தது, லண்டனில் துப்பாக்கி செய்பவர்களோ .465, .470, .475 என்று விட்டத்தைச் சற்றே கூட்டி, அதே வேலையைச் செய்யும் தோட்டாக்களை விற்றார்கள். எண் மாறியது, யானைக்கு எந்த வேறுபாடும் தெரிந்திருக்காது.

டபிள்யூ. டி. எம். பெல் என்ற வேட்டைக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் பெரும்பகுதியை 7 மி.மீ. விட்டமேயுள்ள .275 ரிக்பி தோட்டாவால் வீழ்த்தினார். அதன் ஆற்றல் .375இன் ஆற்றலில் பாதிகூட இராது. நீண்டு ஒடுங்கிய அந்தக் குண்டு தன் உலோக உறையோடு உருக்குலையாமல் மண்டையோட்டைத் துளைத்து மூளையை எட்டியதே காரணம். இதைக்கொண்டு 7 மி.மீ. போதும் என்று வாதிட நான் வரவில்லை. யானைத் தலையை இரண்டாக அறுத்து மூளை இருக்கும் இடத்தைப் பயின்றவர் பெல்; பாய்ந்துவரும் காட்டெருமைக்கு முன்னால் நிற்பவருக்கு அந்தத் துல்லியம் வாய்க்காது. விட்டம் பொருளின் ஒரு கூறு மட்டுமே, அதையே பெயராக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

தகுதியை முதலில் தீர்மானிப்பது குண்டின் அமைப்பு என்பதால் அங்குதான் நமக்கு நல்ல சொற்கள் வேண்டும். சதைக்குள் விரியும் வகைக்கு 'மென்முனைக் குண்டு', விரியாத வகைக்குத் 'திண்மக் குண்டு' என இதுவரை முன்மொழியப்பட்ட இரண்டும் தவறான இடத்தைச் சுட்டுகின்றன. இன்று முற்றிலும் செம்பாலான குண்டுகளும் நுனிக்குழியின் உதவியால் சதைக்குள் காளான்போல் விரிகின்றன. அவற்றில் மென்மையான முனை கிடையாது. மறுபுறம், பழைய 'திண்ம' வகையின் எஃகு உறைக்குள் இருந்தது ஈயம்தான். எனவே செய்பொருளை விட்டுச் செயலைப் பிடிப்போம்: விரிகுண்டு, விரியாக் குண்டு. முன்னது வினைத்தொகை, ஆதலால் 'விரிக்குண்டு' என வல்லினம் மிகாது. பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆதலால் ஒற்று மிகும். சிங்கத்தின் மெல்லிய தோலுக்கு விரிகுண்டு ஏற்றது. யானையின் மண்டையெலும்பில் அதே குண்டு உரிய இடத்தை எட்டுமுன்பே தட்டையாகிவிடும், அங்கு விரியாக் குண்டே வேண்டும்.

தோட்டாவின் வகைப்பெயராக 'பெருவேட்டைத் தோட்டா' போதும்.

* * *

ஐயா, வணக்கம்.

இலக்கணத்தில் குறை காண ஏதுமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்குக் குண்டு என்றால் விமானம் போடுவது. துப்பாக்கியிலிருந்து வருவதை நாங்கள் சன்னம் என்போம். விரிகுண்டு என்று படித்தவுடன் எங்களவர் பதுங்குகுழியைத்தான் நினைப்பார்கள். விரிசன்னம், விரியாச் சன்னம் என்று ஆளலாமே.

* * *

அன்புள்ள தோழருக்கு,

தங்கள் மறுப்பு நியாயமானது. தமிழ்நாட்டிலும் வெடிகுண்டு அடிக்கடி 'குண்டு' என்று குறுகிவிடுகிறது. ஆனால் இங்கு சன்னம் என்றால் மெல்லியது, நுண்ணியது என்றே பொருள்; .416 ரிக்பியின் 26 கிராம் உலோகத்தை மதுரைக்காரர் சன்னம் என்று ஏற்கச் சற்றுக் காலம் பிடிக்கும். 'விரி', 'விரியா' என்ற முன்னொட்டில் இருவரும் ஒன்றுபடுவதால், பட்டியலில் இரு வடிவங்களையும் அடுத்தடுத்து இட்டுவிடுகிறேன். கேப்புக்கு மட்டும் இன்னும் தமிழ்ச்சொல் அமையவில்லை. தங்கள் பக்கத்தில் அதை எப்படி அழைக்கிறார்கள்?