15 ஆண்டு கிடைக்கக்கூடிய சிபிஎல்டி (புரோகிராம் செய்யக்கூடிய லாஜிக் சிப்) எது? கையால் சால்டர் செய்யவும் வர வேண்டும்

துடிப்பெண்ணி:

வணக்கம். தனியாளாக ஒரு என்கோடர் (மோட்டார் சுழல்வதைத் துடிப்புகளாகச் சொல்லும் சென்சார்) கார்டு செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு அச்சு, ஒவ்வொன்றுக்கும் 16 பிட் கவுண்டர், 5 வோல்ட் 8 பிட் பஸ்ஸில் உட்காரும். மோட்டார் 3000 ஆர்பிஎம், என்கோடர் சுற்றுக்கு 1000 கோடு. நான்கு மடங்காக எண்ணினால் செகண்டுக்கு 2 லட்சம். கவுண்டர் 0.33 செகண்டில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும், அதற்குள் ப்ராசஸர் படித்தாக வேண்டும். இவ்வளவும் 72 மேக்ரோசெல் (லாஜிக் கட்டம்) உள்ள ஒரு சிபிஎல்டியில் அடங்கியிருக்கிறது. 69 நிறைந்துவிட்டது.

அந்த சிப்பின் தயாரிப்பு நின்றுவிட்டது. சென்ற முறை வேறு வழியில்லாமல் வெளியே ஒருவரிடம் 40 சிப் வாங்கினேன். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தேன், மேலே இருந்த பெயின்ட் பஞ்சோடு வந்துவிட்டது. கீழே பழைய எழுத்தைச் சுரண்டிய தடம். ஜேடேக்கில் (சிப்பைச் சோதிக்கவும் புரோகிராம் செய்யவும் உள்ள போர்ட்) சிப்பின் அடையாள எண்ணான ஐடிகோடு படித்தால் 13 சிப் வேறு ஏதோ எண் சொன்னது. மிச்சம் 27ஐ வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

ஆண்டுக்கு 50 கார்டுதான் போகும். ஆனால் வாங்கியவர்கள் மெஷினை 15 ஆண்டாவது ஓட்டுவார்கள். பிஜிஏ (கால்களுக்குப் பதில் அடியில் ஈயக் குண்டுகள் உள்ள பொதி) வேண்டாம். என்னிடம் இருப்பது சால்டரிங் அயர்ன், ஹாட் ஏர், ஒரு பூதக்கண்ணாடி விளக்கு. மாலையில் ஒரு மாற்றம் தோன்றினால் ராத்திரிக்குள் போட்டுப் பார்க்க முடிய வேண்டும். எதை எடுப்பது?

ஐஸ்பெட்டி:

யோசிக்கவே வேண்டாம், ஐஸ்40 யூபி5கே. 5280 லட் (சின்ன லாஜிக் கட்டம்) இருக்கிறது, உங்கள் 69 மேக்ரோசெல் அதில் ஒரு மூலைக்குக்கூடப் போதாது. 7 மில்லிமீட்டர் க்யூஎஃப்என், 48 கால். அதற்குக் கம்பைல் செய்யும் டூல்கள் யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் இரண்டும் ஓப்பன் சோர்ஸ், லைசன்ஸ் தொல்லை இல்லை. வெரிலாக்கில் (சிப்பின் லாஜிக்கை எழுதும் மொழி) ஒரு வரி மாற்றி மேக் அடித்தால் காபியை ஒரு வாய் குடிப்பதற்குள் போர்டில் ஓடும்.

மூன்றாம்கால்:

5 வோல்ட் பஸ் என்கிறார், நீங்கள் 3.3 வோல்ட் சிப்பைக் காட்டுகிறீர்கள்.

என் ஓட்டு அட்மெலின் ஏடிஎஃப்1508ஏஎஸ். நேரடி 5 வோல்ட், 128 மேக்ரோசெல். (1504இல் 64தான், 69 நுழையாது.) பிஎல்சிசி 84 (84 கால் பொதி) எடுத்தால் துளை வழி சாக்கெட்டில் உட்கார வைக்கலாம், கெட்டுப்போனால் பிடுங்கி வேறு போடலாம். 2016இல் அட்மெலை வாங்கிய மைக்ரோசிப், வாடிக்கையாளர் கேட்கும்வரை ஒரு பாகத்தை நிறுத்துவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது.

ஒரே எச்சரிக்கை: ஜேடேக் கால்களைச் சாதாரணக் கால்களாக மாற்றும் ஆப்ஷனைத் தெரியாமல் போட்டுவிடாதீர்கள். அப்புறம் ஜேடேக் அடைத்துக்கொள்ளும். திறக்க 12 வோல்ட் வைத்தியம் செய்ய வேண்டிவரும்.

பழைய_ஃப்ளக்ஸ்:

மேலே இருவரும் சொன்னது தப்பில்லை, இருவரும் சிப்பை மட்டும் பார்க்கிறார்கள். நான் மாட்டிக்கொண்ட இடம் வேறு.

என் பழைய டிசைன் ஒன்றில் 12 ஆண்டு கழித்து ஒரே ஒரு ஈக்வேஷன் மாற்ற வேண்டிவந்தது. சிப் இருந்தது, அலமாரியில் உறை பிரிக்காமல். சோர்ஸ் ஃபைலும் இருந்தது. அதைக் கம்பைல் செய்யும் மென்பொருள் பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிள் இல்லாமல் திறக்காது. டாங்கிள் கிடைத்தது. செருகுவதற்குப் போர்ட் உள்ள கம்ப்யூட்டர்தான் இல்லை. ஒருவரிடம் இரவல் வாங்கி, அதில் பழைய ஓஎஸ் ஏற்றி, நான்கு நாள். மாற்றியது என்னவோ ஒரு இன்வெர்ஷன்.

அதனால் 1508 பற்றி: சிப் நல்ல சிப்தான். வெரிலாக்கிலிருந்து அதற்குப் போகும் வழிதான் சுற்றுவழி. ஆல்டெராவின் மென்பொருள் க்வார்ட்டஸ் 13.0 எஸ்பி1இல், 1508ஐ ஒத்த ஆல்டெரா சிப்பான மேக்ஸ் 7000எஸ்ஸுக்குக் கம்பைல் செய்து, வரும் பிஓஎஃப் ஃபைலை 1508 ஏற்கும் ஜேஇடியாக மாற்றுகிறோம். அல்லது யோசிஸ் வழியாக வந்து, கடைசியில் அட்மெல் காலத்து ஃபிட்டரை (லாஜிக்கைச் சிப்பில் பொருத்தும் புரோகிராம்) ஓட்டுகிறோம். இன்று நடக்கிறது. ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி, சோர்ஸ் இல்லாத பழைய விண்டோஸ் எக்ஸி. இதை எடுப்பதானால் முழுச் சூழலையும் விர்ச்சுவல் மெஷினாக இன்றே உறைய வைத்து, இரண்டு டிஸ்க்கில் போட்டு வையுங்கள்.

கம்பெனி பெயரை நம்பியும் உட்கார முடியாது. ஆல்டெராவை 2015இல் இன்டெல் வாங்கியது, சைலிங்க்ஸை 2022இல் ஏஎம்டி வாங்கியது. 2024 தொடக்கத்தில் ஒரே அறிவிப்பில் சைலிங்க்ஸின் பழைய சிப் வரிசைகளான 9500எக்ஸ்எல், கூல்ரன்னர்-2, ஸ்பார்ட்டன்-3 எல்லாம் முடிந்தன. அதே ஏஎம்டி 7 சீரிஸை 2040 வரை தருவதாகவும் சொல்லியிருக்கிறது. நல்ல வாக்குதான், ஆனால் எல்லாம் பிஜிஏ. உங்கள் பூதக்கண்ணாடிக்கு அங்கே வேலை இல்லை.

சரி, நான் என்ன செய்வேன்?

சிப்பை மெயின் போர்டில் வைக்க மாட்டேன். ஒரு சின்ன டாட்டர் போர்டில் வைத்து, 2.54 மில்லிமீட்டர் ஹெடரில் ஏற்றுவேன். ப்ரோட்டோடைப்புக்கு மட்டுமில்லை, விற்கும் கார்டிலும் அப்படியே. ஆண்டுக்கு 50 கார்டுக்கு இரண்டு ஹெடர் பெரிய பாரமில்லை. மெயின் போர்டுக்குத் தெரிவது 5 வோல்ட், கிரவுண்ட், பஸ், என்கோடர் கோடுகள், அவ்வளவுதான். 3.3 வோல்ட் ரெகுலேட்டர், லெவல் ஷிஃப்டர், ஆஸிலேட்டர் எல்லாம் டாட்டர் போர்டுக்குள்.

அப்புறம் இரண்டு டாட்டர் போர்டு வரைவேன், வேறு வேறு கம்பெனி சிப்பில். ஒன்று லாட்டிஸ் மேக்எக்ஸ்ஓ2, எச்சி வகை, டிக்யூஎஃப்பி 100. ஃப்ளாஷ் உள்ளேயே, கோருக்கான ரெகுலேட்டரும் உள்ளேயே, 3.3 மட்டும் கொடுத்தால் போதும். அதே 100 கால் பொதியில் 256, 640, 1200 என்று அளவுகள் வருகின்றன. காலொதுக்கீட்டைக் கவனமாகச் செய்தால் 640 கிடைக்காத மாதம் 1200ஐ அதே இடத்தில் வைக்கலாம். அதன் மென்பொருளான டைமண்டின் லைசன்ஸ் இலவசம், ஆனால் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும், நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியோடு கட்டியது. இதையும் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, ஆல்டெராவின் மேக்ஸ் 10இல் 10எம்02, ஒற்றை சப்ளை வகை, 144 கால் இக்யூஎஃப்பி. இதற்கும் ஃப்ளாஷ் உள்ளேதான். கால் இடைவெளி 0.5 மில்லிமீட்டர், ஃப்ளக்ஸ் தாராளமாகப் போட்டு இழுத்தால் வந்துவிடும். வயிற்றில் ஒரு கிரவுண்ட் பேட் இருக்கிறது. அதற்கு நேர் கீழே போர்டில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று விட்டு, பின்பக்கத்திலிருந்து ஈயம் ஊற்றுவது என் பழக்கம்.

இரண்டாவது போர்டை வரைந்து ஃபைலில் மட்டும் வைத்தால் பயனில்லை. இரண்டு கார்டாவது அதில் செய்து மோட்டாரில் ஓட்டிப் பாருங்கள், அவசரம் இல்லாத இந்தக் காலத்திலேயே. பின்னால் ஒவ்வொரு முறை வெரிலாக் மாற்றும்போதும் இரண்டுக்கும் கம்பைல் செய்யுங்கள். நான் அப்படிச் செய்யத் தொடங்கிய முதல் வாரமே ஒரு பூச்சி அகப்பட்டது. இனிஷியல் பிளாக்கை (தொடக்க மதிப்பு தரும் வெரிலாக் பகுதி) நம்பி ஒரு ரிஜிஸ்டரை 1இல் தொடங்க விட்டிருந்தேன். ஒரு சிப்பில் 1, இன்னொன்றில் 0. அன்றிலிருந்து எல்லா ஃப்ளிப்ஃப்ளாப்புக்கும் வெளிப்படையான ரீசெட். உள் ஆஸிலேட்டர், பிஎல்எல் (க்ளாக்கைப் பெருக்கும் பகுதி) எதையும் தொடுவதில்லை, வெளியே 25 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர்.

5 வோல்ட் பக்கம்: டேட்டா பஸ்ஸுக்கு லெவல் ஷிஃப்டர் 74எல்விசி8டி245. இரண்டு சப்ளை, திசைக்குத் தனிக் கால், ஒரே கால் வரிசையில் டிஐயும் நெக்ஸ்பீரியாவும் தருகிறார்கள். திசையைத் தானே கண்டுபிடிக்கும் ஷிஃப்டர்களைப் பஸ்ஸில் போடாதீர்கள். நீளமான ட்ராக்கில் அவை தடுமாறுவதை ஸ்கோப்பில் பார்த்தவன் நான். என்கோடர் ரிசீவர் 26எல்எஸ்32 என்றால் 26எல்வி32 போடுங்கள். அது 3.3இல் ஓடும், கால் வரிசை அதேதான்.

ஸ்டாக் கணக்கு: 50 பெருக்கல் 15, ஆக 750. டிக்யூஎஃப்பி 100 ட்ரேயில் 90 இருக்கும், 9 ட்ரே. இன்று அவ்வளவும் வாங்கச் சொல்லவில்லை. இரண்டு ட்ரே வைத்துக்கொண்டு, விநியோகஸ்தரின் நிறுத்த அறிவிப்பு மின்னஞ்சலில் பதிந்து வையுங்கள். உறையில் எம்எஸ்எல் 3 (ஈரம் உறிஞ்சும் தரம்) என்று இருந்தால் பிரித்த பிறகு 168 மணி நேரம்தான், அதற்கு மேல் போனால் சூட்டில் காயவைத்து ஈரத்தைப் போக்கிவிட்டுத்தான் ஹாட் ஏர்.

ஐஸ்பெட்டி:

நியாயம். ஆனால் யூபி5கேயை ஏன் தள்ளினீர்கள்? ஓப்பன் சோர்ஸ் டூல்செயின் என்றால் உங்கள் டாங்கிள் கதையே வராதே.

பழைய_ஃப்ளக்ஸ்:

டூலுக்காக எனக்கும் அது பிடிக்கும். வீட்டு வேலைக்கு அதுதான் என் மேஜையில். இந்தக் கார்டுக்குத் தயங்குவது பவர் ஆன் நேரத்துக்காக. 104 கேபி பிட்ஸ்ட்ரீமை (சிப்புக்குள் ஏறும் டிசைன் ஃபைல்) வெளி ஃப்ளாஷிலிருந்து படித்து முடிக்கப் பல பத்து மில்லி செகண்ட் ஆகும். அதுவரை கால்கள் மிதக்கும், உள்ளே மெல்லிய புல்-அப் (கோட்டை மேல் வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) மட்டும்.

ஒரு ரிலே கார்டில் இதை அனுபவித்தேன். சிப்பிலிருந்து நேராக ரிலே ட்ரைவர் யுஎல்என்2803, அதிலிருந்து ரிலே. சுவிட்ச் போட்டதும் எட்டு ரிலேயும் ஒன்றாக ‘டக்’. ஒரு கணம்தான், உடனே விட்டுவிடும். புரோகிராமில் தேடித் தேடி ஒரு நாள் போனது. உள்ளே டார்லிங்டன் ஜோடி, அந்த மெல்லிய புல்-அப் கசியவிடும் மைக்ரோ ஆம்பியரே அதற்குப் போதும். ஒவ்வொரு கோட்டிலும் 4.7கே புல்-டவுன் போட்டேன், சத்தம் நின்றது.

துடிப்பெண்ணி:

பழைய_ஃப்ளக்ஸ் அண்ணா, ரொம்ப நன்றி. மேக்எக்ஸ்ஓ2 டாட்டர் போர்டு இன்றே வரையத் தொடங்கிவிட்டேன், மேக்ஸ் 10 அடுத்த மாதம். வெரிலாக்கில் இனிஷியல் என்று தேடினால் ஏழு இடத்தில் வருகிறது, அசிங்கம்.

ஒரு சந்தேகம். என் கார்டில் ரிலே இல்லை, இன்டரப்ட் கோடு இருக்கிறது, ஆக்டிவ் லோ (கோடு 0 ஆனால் இன்டரப்ட்). அதற்கும் 4.7கே புல்-டவுன்தானா?

பழைய_ஃப்ளக்ஸ்:

ஐயோ வேண்டாம், பவர் ஆன் ஆனதுமே ப்ராசஸர் இன்டரப்ட்டில் போய் விழுந்துவிடும். ஆக்டிவ் லோ என்றால் புல்-அப். சிப் பக்கம் 3.3க்கு, பஸ் பக்கம் ஓப்பன் ட்ரெயின் (கீழே மட்டும் இழுக்கும் அவுட்புட்) வைத்து 5க்கு. வரைந்ததும் ஸ்கீமேட்டிக்கைப் போடுங்கள், பார்க்கிறேன்.