ரிட்டயர் ஆன லைன் கோச்சை 68 வயசுல ஏன் திரும்ப கூப்பிட்டாங்க?

செந்தில்77:
வணக்கம் மக்களே, அமெரிக்கன் ஃபுட்பால் பாக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது, இப்ப பேட்ரியாட்ஸ் டீமோட பழைய மேட்ச் எல்லாம் தேடித்தேடி பாத்துட்டிருக்கேன். எல்லாரும் குவாட்டர்பேக் (பந்தை எறியற ஆள்) டாம் பிரேடி, தலைமை கோச் பெலிசிக்னு பேசுறாங்க, ஆனா விஷயம் தெரிஞ்சவங்க லைன் கோச் டான்டே ஸ்கார்னெக்கியாவையும் சேத்துதான் சொல்றாங்க. 2013 சீசனோட ரிட்டயர் ஆனவரை 2016ல திரும்ப கூட்டிட்டு வந்திருக்காங்க. குவாட்டர்பேக் முன்னாடி மறைச்சு நிக்கிற அஞ்சு பேருக்கு, அதான் லைனுக்கு, ஒரு கோச் அப்படி என்னதான் சொல்லிக்குடுப்பார்?

டேக்கிள்_தம்பி:
2016 ஜனவரில டென்வர்ல நடந்த ஏஎஃப்சி ஃபைனலை, அதாவது சூப்பர் பவுல்ங்கிற கடைசி ஃபைனலுக்கு முந்தின மேட்ச்சை, போட்டு பாருங்க. ஸ்டேடியம் சத்தத்துல எதுவும் கேக்காது, அதனால சென்டர் (லைன் நடுவுல நிக்கிறவர்) தலையை ஆட்டிட்டு பந்தை பின்னாடி குடுப்பார், டென்வர் ஆளுங்க அந்த தலையாட்டலையே பாத்து வச்சுக்கிட்டு லைன்காரங்க எழும்பறதுக்குள்ள பாய்ஞ்சுட்டாங்க. டென்வரோட வான் மில்லர் மட்டும் ரெண்டரை சேக் (பந்தை எறியறதுக்குள்ள குவாட்டர்பேக்கை கீழ தள்ளறது). பிரேடி அடி மேல அடி வாங்கினார், 20-18ல தோத்தாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். அடுத்த மாசமே ஸ்கார்னெக்கியாவை கூப்பிட்டாங்க. 2015 சீசன்ல பிரேடி வாங்கின சேக் 38, அடுத்த சீசன்ல 12 மேட்ச்ல 15. டென்வர்ல திணறின அதே ரைட் டேக்கிள் (லைனோட வலது ஓரத்து ஆள்) மார்கஸ் கேனன் அந்த வருஷம் ஆல்-ப்ரோ (லீக்லயே சிறந்தவங்க பட்டியல்) செகண்ட் டீம்ல வந்துட்டார். ஆள் மாறல, வாத்தியார்தான் மாறினார்.

மதுரைவீரன்:
கொஞ்சம் பொறுங்க தம்பி. 2015ல லெஃப்ட் டேக்கிள் சோல்டர் அக்டோபர்லயே காயம்பட்டு வெளிய போயிட்டார், அதை சொல்லாம விட்டா எப்படி? அதுவும் போக 2014 சீசன்ல ஸ்கார்னெக்கியா இல்லாமத்தானே சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க. பிரேடியும் பந்தை சட்டுனு விட்டுடற ஆளு, பாதி வேலை அதுலயே முடிஞ்சுடும்.

பழைய_கார்டு:
ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நான் இங்க ஹைஸ்கூல்ல ரெண்டு வருஷம் கார்டு (சென்டருக்கும் டேக்கிளுக்கும் நடுவுல நிக்கிறவன்) ஆடினவன், அதனால செந்தில் கேட்டதுக்கு வர்றேன். டிஃபென்ஸ்ல ரெண்டு பேர் நேரா வர்ற மாதிரி வந்து நடுவுல குறுக்க மாறி ஓடுவாங்க. என் ஆளை நான் துரத்திட்டு போனா பக்கத்துல நிக்கிற டேக்கிள் மேல நானே மோதிடுவேன், நடுவுல வாசல் திறந்துடும். அந்த நொடில என் ஆளை அவன்கிட்ட தள்ளி விட்டுட்டு அவன் ஆளை நான் வாங்கணும், வாயைத் திறந்து சொல்லக்கூட நேரம் இருக்காது, ரெண்டு பேர் தோளும் ஒரே லெவல்ல இருந்தாதான் நடக்கும். எவனாவது ஒருத்தன் அரை அடி பின்னாடி நின்னா போச்சு. இதை உடம்புல ஏத்த ஒரே வழி தினமும் அதையே திரும்பத் திரும்ப பண்றதுதான், எனக்கு அது வரவே ஒரு சீசன் ஆச்சு. ஸ்கார்னெக்கியா பேர் வாங்கினதே இந்த அடிப்படைலதான், கால் எங்க வைக்கணும், கை எதிராளி நெஞ்சுல எங்க படணும்னு.

அவர் கேரியரும் ஒரே நாள்ல வந்ததில்ல. 1982ல பேட்ரியாட்ஸ்ல சேர்ந்து, நடுவுல 1989, 90 ரெண்டு வருஷம் கோல்ட்ஸ்ங்கிற வேற டீம்ல இருந்துட்டு திரும்ப வந்தவர், ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கிற நேரத்துல இறங்கற குரூப்) கோச்சிங்லேர்ந்து கிடைச்ச வேலை எல்லாம் பாத்துட்டு, லைனை முழுசா கையில எடுத்தது 1999ல. ஸ்டீபன் நீல்னு ஒருத்தர், 1999 உலக மல்யுத்த சாம்பியன், காலேஜ்ல ஃபுட்பாலே ஆடாதவர், அவரையும் கார்டா நிறுத்தி சூப்பர் பவுல் வரைக்கும் ஆட வச்சார். எனக்கு அவர் மேல இருக்கற மரியாதை இதுக்குத்தான், சூப்பர் பவுல் ஜெயிச்சு வாங்கின அஞ்சு ரிங் எல்லாம் அப்புறம்.

மதுரைவீரன்:
நீல் விஷயம் எனக்கு தெரியாது, ஒத்துக்கறேன்.

செந்தில்77:
ரொம்ப நன்றிங்க, இவ்ளோ விவரமா யாரும் சொன்னதில்ல. அடுத்து எந்த மேட்ச் பாக்கலாம்?

டேக்கிள்_தம்பி:
2018 சீசன் ப்ளேஆஃப்ஸ். மூணு மேட்ச்லயும் சேத்து பிரேடிக்கு ஒரே ஒரு சேக்தான். லெஃப்ட் டேக்கிள் ஜெர்சி நம்பர் 77, டிரென்ட் பிரவுன், அவரை பாருங்க. அந்த சீசன் முடிஞ்சதும் ரெய்டர்ஸ் டீம் 4 வருஷத்துக்கு 66 மில்லியன் டாலர் குடுத்து அவரை தூக்கிட்டாங்க.

செந்தில்77:
சரி, இன்னிக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் போட்டுடறேன், பந்து எங்க போனாலும் போகட்டும், 77 காலை மட்டும் பாக்கறேன்.