பாதியில் நின்ற மோரிஸ் மைனர்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

மழைநாள்:
1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு கதவு சலூன், அதாவது நிலையான கூரை உள்ள வகை. உரிமையாளர் ஆறு ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டுவிட்டார். கதவுக்குக் கீழே ஓடும் சில் இரண்டு பக்கமும் புதிதாக வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்கிறது. 948 சி.சி. இன்ஜின் முழுவதும் பிரித்து நான்கு அட்டைப் பெட்டிகளில் கிடக்கிறது. "எல்லாம் இருக்கிறது, பூட்டினால் போதும்" என்கிறார். எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது. வாங்கலாமா?

துருமேனி:
வேண்டாம். பூட்டினால் போதும் என்றால் அவரே ஏன் பூட்டவில்லை?

துருப்பிடித்த வண்டி பொய் சொல்லாது. ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். முழுதாக முடித்த வண்டியென்றால் ஓட்டிப் பார்த்து வாங்கலாம். இதில் ஓட்டியும் பார்க்க முடியாது, துருவையும் பார்க்க முடியாது. நானும் ஒருமுறை இப்படி ஒன்றை வாங்கினேன். பெயின்ட்டைச் சுரண்டினால் ஓட்டையை அடைக்கும் பட்டிப் பசை, பட்டியைச் சுரண்டினால் மடித்து அடைத்த செய்தித்தாள். அதிலிருந்த குறுக்கெழுத்தையும் யாரோ பாதியில் விட்டிருந்தார்.

ஸ்பானர் பெட்டி:
துருமேனி ஐயா எந்த வண்டியைப் பற்றிக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஆனாலும் அந்தக் குறுக்கெழுத்துக்காக அவரை மன்னிக்கலாம்.

பாதியில் விடுகிறவர்கள் எல்லோரும் எதையோ மறைக்கிறவர்கள் அல்லர். முதுகு வலிக்கிறது, இடம் போய்விடுகிறது, ஆறு வருடத்தில் ஆசை வடிந்துவிடுகிறது. கேட்டவரின் நிலையைப் பாருங்கள். அவருக்குத் தெரியாதது வெல்டிங், அது முடிந்துவிட்டது. தெரிந்தது ஸ்பானர், அந்த வேலை மிச்சமிருக்கிறது. நான்கு சிலிண்டர், ஒரு எஸ்யூ கார்புரேட்டர், ஒரு டைனமோ. இதைவிட எளிய இன்ஜினில் கை பழக முடியாது.

துருமேனி:
"முடிந்துவிட்டது" என்று யார் பார்த்தது? மோரிஸ் மைனருக்கு அடியில் தனிச் சட்டகம் (சேசிஸ்) கிடையாது, உடம்பேதான் சட்டகம். சில்லை அறுக்கும்போது கதவுத் திறப்பின் குறுக்கே கம்பி வைத்துப் பிணைக்காவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டிங் செய்தால் கோணல் நிரந்தரமாகிவிடும்.

இன்னொன்று. தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பரில்தான் முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் (முறுக்கேறி ஸ்பிரிங்போல் வேலை செய்யும் கம்பி) இரண்டும் பின்முனையில் பிணைந்திருக்கின்றன. அங்கே துரு என்றால் முன்சக்கரங்களின் பிடிமானத்திலேயே துரு. சில்லை மாற்றியவர் இதையும் மாற்றினாரா, மேலே கறுப்பாகப் பூசி மூடினாரா?

ஸ்பானர் பெட்டி:
தொய்வு பற்றிய உங்கள் பயம் கூரையில்லாத கன்வெர்டிபிளுக்கு முழுக்கப் பொருந்தும். சலூனில் கூரையும் கொஞ்சம் தாங்கும். சந்தேகம் இருந்தால் அளந்து பார்த்துவிடலாமே. இரண்டு கதவுத் திறப்புகளிலும் மூலைக்கு மூலை டேப் பிடித்து இடதையும் வலதையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கதவின் இடைவெளியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, கீல் தேய்ந்திருந்தாலும் கதவு சாய்ந்துதான் நிற்கும்.

அறுப்பதே பாவம் என்பதுபோல் பேசுகிறீர்கள். இந்த வண்டியை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், குறுகலாக இருக்கிறது என்று மாதிரி வண்டியை நெடுக்கில் இரண்டாக அறுக்கச் செய்து 4 அங்குலம் அகட்டியவர். பானெட்டின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் அந்தப் பட்டை அதன் தழும்புதான். பிறந்ததே அறுவை சிகிச்சையில்!

மூன்றாம் கியர்:
இருவரும் தகட்டிலேயே நிற்கிறீர்கள். பெட்டிகளை யாராவது திறந்து பார்த்தீர்களா? நட்டு, போல்ட் காணாமல் போனால் வாங்கிக்கொள்ளலாம். இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கை பிளாக்கோடு பிடித்து நிறுத்தும் மூடிகள், அதாவது மெயின் பேரிங் கேப் மூன்றும் அந்த பிளாக்குக்கே உரியவையா என்று பாருங்கள். பிளாக்கோடு பூட்டிய நிலையில் துளைத்துச் செய்தவை அவை. வேறு பிளாக்கின் கேப்பை மாட்டினால் கிராங்க் இறுகும், மறுபடி லேத்துக்குத்தான் போக வேண்டும்.

மழைநாள்:
இன்று மறுபடியும் போய்ப் பார்த்தேன். வலது கதவின் இடைவெளி மேலே 3 மி.மீ., கீழே 8 மி.மீ. எனக்குத் திக்கென்றது. ஆனால் மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கமும் 1 மி.மீ.க்குள் ஒத்துப்போகிறது. கதவைத் திறந்து தூக்கிப் பார்த்தேன், கீலில் ஆட்டம் இருக்கிறது.

மூன்று பேரிங் கேப்பில் இரண்டு கறுத்துப்போய் ஒரே மாதிரி இருக்கின்றன. மூன்றாவது வெளிறிப்போய், வார்ப்பில் வேறு குறியோடு இருக்கிறது. கேட்டதற்கு, "வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார்.

துருமேனி:
பார்த்தீர்களா?

ஸ்பானர் பெட்டி:
பார்த்தேன். திறப்பு கோணலில்லை, கீல்தான் ஆடுகிறது. கேப் விஷயத்தில் மூன்றாம் கியர் சொன்னது சரி, அந்த பிளாக்கைக் கணக்கில் வைக்காமல் விலை பேசுங்கள். ஆனால் இது ஏ சீரிஸ் இன்ஜின். 1951இல் தொடங்கி 2000 வரை ஏதோ ஒரு வடிவில் வந்துகொண்டே இருந்தது. மைனரிலேயே பின்னாளில் வந்த 1098 சி.சி. இன்ஜினை இதில் உட்கார வைத்தவர்கள் ஏராளம். இன்ஜின் கெட்டால் இன்னொன்று தேடலாம்.

துருமேனி:
உடம்பு கெட்டால்? அதற்குத்தான் நான் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறேன். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சில்லின் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். பிடி தளரும் இடம் பட்டி. கிராஸ் மெம்பரின் முனையில் என்ன இருக்கிறது?

மழைநாள்:
சில்லில் காந்தம் நன்றாகவே பிடித்தது. கிராஸ் மெம்பரின் இரண்டு முனைகளிலும் மட்டும் புதிய தார்ப்பூச்சு, விரல் தடிமனுக்கு. காந்தம் வழுக்கி விழுந்தது. உள்ளங்கை அளவுக்குச் சுரண்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "வாங்கிக்கொண்டு போய் எவ்வளவு வேண்டுமானாலும் சுரண்டுங்கள்" என்றார்.

துருமேனி:
இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பானர் பெட்டி:
ஆறு வருட உழைப்பின் மேல் ஒருவர் ஸ்குரூடிரைவரை நீட்டினால் எனக்கும் கோபம் வரும். சுரண்டிய இடத்தை நானே பூசித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் துருமேனி ஐயா பக்கம் நானும் வந்துவிடுகிறேன்.

மூன்றாம் கியர்:
சுரண்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டார்ஷன் பார் முறுக்கேறி நிற்கும், அதன் போல்ட்டில் கை வைக்காதீர்கள்.

மழைநாள்:
சனிக்கிழமை போகிறேன். தார்ப்பூச்சு ஒரு டப்பாவும் பிரஷ்ஷும் வாங்கி வைத்துவிட்டேன்.