சுருளிப்பட்டி சொந்தங்கள் குழு: நந்தி மலை அடிவாரத்தில் ஒரு ஞாயிறு

(ஞாயிறு, இரவு 8.05)

நான்: பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். நந்தி மலை அடிவாரத்தில், தொட்டபள்ளாப்பூர் பக்கம் இருக்கிற குரோவர் சாம்பா திராட்சைத் தோட்டத்தையும் அதை ஒட்டிய வைன் ஆலையையும் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தோம். காலையில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம்தான். பெங்களூரில் ஏழு வருடமாக இருக்கிறோம், இத்தனை நாள் போகாமல் இருந்துவிட்டோமே என்று இருக்கிறது. பெரியப்பா, நாள் முழுக்க உங்கள் ஞாபகம்தான்.

[11 படங்கள்]

சித்தி மதுரை: படம் எல்லாம் அருமை. சின்னவன் முகம் ஏன் இப்படிச் சிவந்து கிடக்கிறது?

நான்: வெயில் சித்தி. தொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். தோட்டம் என்றதும் நம் ஊர்ப் பந்தல் நிழல்தான் மனதில் இருந்தது, ஆனால் அங்கே கொடி தலைக்கு மேலே படரவில்லை. வேலி மாதிரி வரிசை வரிசையாக நிமிர்ந்து நிற்கிறது, குலை முழங்கால், இடுப்பு உயரத்தில் தொங்குகிறது. சின்னவன் குனியாமலேயே எட்டித் தொட்டான். தலைவலி வந்து வண்டியில் தூங்கிவிட்டான், இப்போது மோர் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறான்.

அத்தை கம்பம்: ஏம்மா, அது சாராயம் காய்ச்சுகிற இடம் இல்லையா? பிள்ளையை அங்கே எதற்குக் கூட்டிப் போனாய்?

நான்: காய்ச்சுவதே இல்லை அத்தை. அடுப்பே கிடையாது. பழத்தை நசுக்கி, ஈஸ்ட் விட்டு, பெரிய எஃகுத் தொட்டியில் புளிக்க வைக்கிறார்கள், அவ்வளவுதான். சின்னவன் தோட்டத்தைச் சுற்றினான், ஆலையைப் பார்த்தான், சுவை பார்க்கிற இடத்தில் அவனும் அவரும் வெளியே உட்கார்ந்து ஜூஸ் குடித்தார்கள். வண்டி ஓட்ட வேண்டும் என்று அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. நான் நாலு வகையில் ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

அத்தை கம்பம்: சரி, மாப்பிள்ளை தொடவில்லை என்றாயே, அது போதும் எனக்கு.

பெரியப்பா சுருளிப்பட்டி: பாப்பா, நாலாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொடி பூராவும் ஒரே உயரத்தில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்களே. என்ன ரகம்? எப்போது கவாத்து வெட்டினார்களாம்?

நான்: இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும், எழுதியே வைத்துக்கொண்டேன் பெரியப்பா. நாலாவது படத்தில் இருப்பது கேபர்னே சோவின்யோன். பக்கத்து வரிசை ஷிராஸ். வெள்ளை ரகம் எல்லாம் ஏற்கெனவே பறித்துவிட்டார்கள், கறுப்பு மட்டும்தான் இன்னும் கொடியில். வருடத்துக்கு இரண்டு கவாத்து. பறித்து முடித்ததும் ஏப்ரல் வாக்கில் ஒன்று, அது குச்சியைத் தேற்ற. செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, அதுதான் காய்க்கு. வெட்டு இரண்டு, விளைச்சல் ஒன்று.

தம்பி கோவை: ஒரு விளைச்சலுக்கு எதற்கு அக்கா இரண்டு முறை வெட்ட வேண்டும்?

நான்: எனக்கும் இது புதிது. பிரான்சில் குளிர்காலம் வந்தால் கொடி தானாக இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். வசந்தத்தில் எல்லாக் கண்ணும், அதாவது தளிர் விடுகிற மொட்டும், ஒன்றாக விழிக்கும். நம் பக்கம் அந்தக் குளிரே இல்லை, கொடி உறங்காது, பச்சையாகவே இருக்கும். விட்டுவிட்டால் நுனியில் மட்டும் தளிர்த்துக்கொண்டே போகும், கீழ்க்கண்கள் சும்மா கிடக்கும். அதனால் மனிதன் கத்தரியை எடுத்து வெட்டி, ‘உனக்குக் குளிர்காலம் முடிந்தது, எழுந்திரு’ என்று அதற்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏப்ரலில் வெட்டி வளர்க்கிற குச்சிக்குள்தான் அடுத்த விளைச்சலுக்கான பூங்கருவே உருவாகிறது, அதற்கு நல்ல வெயில் வேண்டும். அந்தக் குச்சியைத்தான் அக்டோபரில் வெட்டுகிறார்கள்.

பெரியப்பா சுருளிப்பட்டி: சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். வெட்டிய இரண்டொரு நாளில் கண்ணுக்கு மருந்து தொட்டு வைப்போம், அப்போதுதான் எல்லாம் ஒரே சீராக உடையும். தொடாமல் விட்டால் ஒரு குச்சியில் பூ, இன்னொரு குச்சியில் காய் என்று நிற்கும், வியாபாரி பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். ஆனால் நம் பன்னீர் திராட்சைக்கு மாதக் கணக்கே கிடையாது தாயி. எப்போது வெட்டினாலும் நாலு மாதத்தில் பழம். அதனால்தான் நம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்கப் பழம் இருக்கிறது.

தம்பி கோவை: கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்ததற்கும் இதுதானே காரணம்? 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்று அப்போது பேப்பரில் படித்தேன்.

பெரியப்பா சுருளிப்பட்டி: ஆமாம். மஸ்கட் ஹாம்பர்க் என்பதுதான் அதன் பெயர், நமக்குப் பன்னீர்.

நான்: பெரியப்பா, அங்கே நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுற்றிக் காட்டிய பையன் ஒரு குலையிலிருந்து நாலு மணி பறித்துக் கையில் கொடுத்தான். சுண்டைக்காய் அளவுதான். தோல் தடிப்பு, நம் பன்னீர் மாதிரி அமுக்கினால் சதை வழுக்கிக்கொண்டு வெளியே வராது, மென்றுதான் தின்ன வேண்டும். முதலில் நல்ல இனிப்பு, அப்புறம் விதை கடிபட்டதும் துவர்ப்பு, நெல்லிக்காய் தின்ற மாதிரி நாக்கு இறுகிவிட்டது. சின்னவன் ஒன்றைப் பிய்த்து, ‘அம்மா, உள்ளே சிவப்பே இல்லை’ என்றான். உண்மையிலேயே சதை நிறமில்லாமல்தான் இருக்கிறது. அவன் விரல் மட்டும் நாவல்பழம் தொட்ட மாதிரி ஊதா. வைனுக்கு நிறம் கொடுப்பது தோல்தான் என்று அதிலேயே புரிந்துவிட்டது. சிவப்பு வைனுக்குத் தோலும் விதையும் சேர்ந்தே ஒரு வாரம், பத்து நாள் ஊறிப் புளிக்கும். வெள்ளைக்கு முதலிலேயே பிழிந்து சாற்றை மட்டும் எடுத்துக் குளிர்ச்சியில் வைத்துப் புளிக்க விடுவார்கள்.

சித்தி மதுரை: கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு அக்கா கொடுக்கும் வைன் பாயசம் மாதிரி இனிக்குமே, இதுவும் அப்படியா?

நான்: இல்லை சித்தி, துளி இனிப்பு இல்லை. அந்த அக்கா சர்க்கரை நிறையச் சேர்க்கிறார்கள். இங்கே பழத்தில் உள்ள சர்க்கரையை எல்லாம் ஈஸ்ட் தின்று முடிக்கிற வரை விடுகிறார்கள், சர்க்கரை போன இடத்தில் 12, 13 சதவீதம் ஆல்கஹால். எனக்குச் சிவப்பு பிடிக்கவில்லை, ரொம்பத் துவர்ப்பு. சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை மட்டும் கொய்யாக்காய் வாசனையோடு நன்றாக இருந்தது.

பெரியப்பா சுருளிப்பட்டி: பழத்தில் சர்க்கரை அளவு எத்தனை பிரிக்ஸ் வரும் வரை கொடியில் விடுகிறார்கள்?

நான்: ஒரு சொட்டுச் சாற்றை ஒரு குழாய்க் கண்ணாடியில் விட்டு என்னையே பார்க்கச் சொன்னார்கள். 23 காட்டியது, நூறு கிராம் சாற்றில் கிட்டத்தட்ட 23 கிராம் சர்க்கரை.

பெரியப்பா சுருளிப்பட்டி: 23! நம் ஆள் 17, 18 வந்தாலே பறிக்கச் சொல்லிவிடுவார். அதற்கு மேல் விட்டால் மழைக்குப் பயந்தே தூக்கம் வராது. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி மழைக்குப் பாதிப் பந்தல் பழம் வெடித்துப் புளித்த வாடை அடித்ததே, அது உனக்குத் தெரியும். கொடிக்கு எத்தனை குலை விடுகிறார்கள்?

நான்: எண்ணிக்கை கேட்கவில்லை பெரியப்பா, ஆனால் காய் பச்சையாக இருக்கும்போதே அதிகப்படிக் குலைகளை வெட்டிக் கீழே போட்டுவிடுவார்களாம், மிச்சம் இருப்பதில் சாறு கெட்டிப்பட வேண்டும் என்று. அதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. நம் வீட்டில் உதிர்ந்த பழத்தைக்கூடப் பெரியம்மா பொறுக்கி வைப்பார்கள்.

பெரியப்பா சுருளிப்பட்டி: அவர்களுக்குச் சாறு முக்கியம், நமக்கு எடை முக்கியம். தராசில் ஏறுவதற்குத்தானே நமக்குக் காசு. வெட்டிப் போடுவதில் தப்பில்லை பாப்பா.

மாமா பெங்களூர்: நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தப் பக்கம் எல்லாம் பெங்களூர் நீலத் திராட்சைதான். 2013-இல் அதற்கும் புவிசார் குறியீடு வந்தது. வைனுக்கு என்று பிரெஞ்சு ரகம் வைத்தது கன்வல் குரோவர், 1988-இல். ஜார்ஜ் வெசல் என்று ஷாம்பெய்ன் ஊர்க்காரரைக் கூட வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். 1992-இல் முதல் வைன் வந்தபோது, பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இதெல்லாம் நடக்குமா என்று பலருக்கும் ஆச்சரியம்.

நான்: ஆமாம் மாமா, அங்கே சுவரில் உலகப்படம் ஒன்று இருந்தது. வைன் நாடுகள் பெரும்பாலும் அட்சரேகை 30 பாகையிலிருந்து 50 பாகைக்குள். நாம் 13-இல் இருக்கிறோம். ஆனால் நிலம் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ராத்திரி குளிர்கிறது, அதில்தான் பழத்தின் புளிப்பு போகாமல் நிற்கிறதாம். அப்புறம் பீப்பாய் அறை! கதவைத் திறந்ததும் மரக்கடையில் புதுப் பலகை அறுக்கும்போது வருமே அந்த வாசனை, அதோடு பழம் புளித்த வாசனை. ஒரு பீப்பாய் 225 லிட்டர், அதில் 300 பாட்டில் வரும். எல்லாம் பிரெஞ்சு ஓக் மரம். சின்னவன் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பெரியம்மா: பிழிந்த சக்கையை என்ன செய்கிறார்களாம்?

நான்: மக்க வைத்து உரமாகக் கொடிக்கே போடுகிறார்கள் பெரியம்மா.

பெரியம்மா: அது நல்ல காரியம்.

நான்: பெரியப்பா, கடைசியாக ஒன்று. வெளியே வரும்போது மருந்து அடிக்கும் தொட்டி ஒன்று இருந்தது, ஓரத்தில் நீலம் படிந்திருந்தது. அந்த நீலத்தை எனக்கு நன்றாகத் தெரியும், நம் வீட்டுக் கிணற்றடியில் சிமெண்டு தரை பூராவும் அதே நீலம்தான். மயில்துத்தமும் சுண்ணாம்பும். போர்டோ கலவை என்று நீங்கள் சொல்வீர்கள், நான் ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்திருந்தேன். பிரான்சில் போர்டோ என்று ஒரு ஊர். 1880-களில் அங்கே திராட்சைக்கு அடிச்சாம்பல் என்கிற பூஞ்சை மாதிரியான நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தபோது அங்குள்ள பேராசிரியர் ஒருவர் ஆராய்ந்து சொன்ன மருந்து அது. சின்னவன் கையில் வைத்திருந்த கேபர்னே பழத்துக்கும் அதுதான் சொந்த ஊர். அங்கே நின்றுகொண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண் உடைப்பது, குச்சி தேற்றுவது, குலை குறைப்பது என்று அந்தப் பையன் சொன்னதெல்லாம் நீங்கள் முப்பது வருடமாகச் செய்கிற வேலை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி இன்னொருவரிடம் போய்க் கேட்டேன், உங்களிடம் ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

பெரியப்பா சுருளிப்பட்டி: அதற்கு ஏன் தாயி கலங்க வேண்டும். நீங்கள் எல்லாம் படிக்க வேண்டும் என்றுதானே பந்தலுக்குள் விடாமல் வைத்திருந்தோம்.

தம்பி கோவை: எனக்கும் கேட்க வேண்டும் பெரியப்பா. நான் வீடியோ எடுத்து வைக்கிறேன்.

பெரியப்பா சுருளிப்பட்டி: மேற்குப் பந்தலில் பழம் எடுத்து ஒரு மாதம் ஆகிறது, கொடி தேறிவிட்டது. வருகிற சனிக்கிழமைக்குக் கவாத்து ஆள் சொல்லியிருக்கிறேன். முடிந்தால் சின்னவனையும் கூட்டி வா. எத்தனை கண் விட்டு வெட்டுவது என்று காட்டுகிறேன்.

நான்: அவரிடம் கேட்டுவிட்டேன், லீவு போடுகிறார். வெள்ளி ராத்திரி பஸ்ஸில் ஏறினால் காலையில் கம்பம்.

பெரியம்மா: தொப்பியை மறக்காதே.